எலி வழியில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

இரண்டு எலிகளைக் கூண்டில் வைத்துச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டே, வீட்டுக்குள் வரும் எலிகளை விரட்ட வழி தேடினேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரரே முதல் ஒரு மாதம் அப்படித்தான் சிரித்தார். அவர் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருப்பவர். ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே, "உள்ளூர் எலி எத்தன, வெளியூர் எலி எத்தன?" என்று கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கேள்வி சரியானதுதான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பதினாலு வருஷமாகிறது. தைத்து முடித்த ஷூவின் மேல்பகுதி என் மேஜைக்கு வரும். கட்டை விரலை ஓட்டிப் பார்ப்பேன். தையல் தாண்டியிருந்தால், தோலில் ஊசித் துளை இருந்தால், இரண்டு துண்டுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "நான் தெக்கல, எனக்கு முன்னாடியே அப்டித்தான் வந்துச்சி" என்று லைன் முழுக்கச் சண்டை கிளம்பும். அம்போடு யாரும் சண்டை போட முடியாது. அது வெறுமனே இடத்தைக் காட்டும், யாரையும் காட்டாது. என்னைப் போல வாய்த் துடுக்கு உள்ளவளுக்கு இந்த வேலை கிடைத்தது என் குடும்பம் செய்த புண்ணியம் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

வளர்ப்பு எலிகள் நானாகக் கேட்டு வந்தவை இல்லை. நாங்கள் குடியிருப்பது மாடியில். அதே மாடியில் ஒற்றை அறையில் மருந்தியல் படித்த ஒரு பெண் இருந்தாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது கூண்டோடு என் கையில் கொடுத்து, "ஒரே ஒரு வாரம்க்கா" என்றாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாகவும் ஹாஸ்டலில் அனுமதிக்கவில்லை என்றும் அழுகிற பொம்மைகளாகப் போட்டு ஒரு செய்தி அனுப்பினாள், அவ்வளவுதான். எனக்கு நன்றாக அல்வா கொடுத்துவிட்டாள் என்று பத்து நாள் திட்டினேன்.

ஒன்று முழு வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. இன்னொன்றுக்குத் தலையும் தோளும் பழுப்பு. பெயர் வைக்க எனக்கு வரவில்லை. பெரியவள், சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நின்றுவிட்டது. முதல் வாரம் கூண்டை இடுக்கி வைத்துத்தான் தொட்டேன். இரண்டாம் வாரம் கேரட் துண்டு நீட்டினபோது, பெரியவள் கேரட்டை விட்டுவிட்டு என் விரலைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, நகத்தில் காய்ந்திருந்த பசையைக் கடித்துக் கடித்து எடுத்துச் சுத்தம் செய்தாள். நாள் முழுக்க அடுத்தவர் வேலையில் குறை பார்த்துவிட்டு வருகிறவளுடைய விரலை ஒரு பிராணி உட்கார்ந்து சரி செய்கிறது. அன்று அந்தப் பெண்ணைத் திட்டுவதை நிறுத்தினேன்.

சுண்டெலிகள் வந்தது மழைக்காலம் முடிந்த கையோடு. அடுப்பு மேடையில் கருஞ்சீரகம் சிந்தியது போல் புழுக்கை. அப்புறம் கூண்டுக்குக் கீழேயும். அதே வாரம் பெரியவள் தும்ம ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கூண்டைத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலூர் போய் ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் சுண்டெலி உண்டா என்று கேட்டார். வெளி எலியின் சிறுநீர் பட்டாலே இவற்றுக்கு நோய் வரலாம், இரண்டும் ஒன்றை ஒன்று அண்டக் கூடாது என்றார். மருந்து மட்டும் வைத்துவிடாதீர்கள், சுண்டெலி அந்த மருந்துத் துண்டைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே போடும் என்று உங்களுக்குத் தெரியாது, இவற்றின் கூண்டுக்குள்ளும் போடும் என்றார். தீனியை டப்பாவில் மூடுங்கள், ஓட்டையை அடையுங்கள் என்றும் சொன்னார். தும்மலுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்.

ஓட்டையை அடைப்பதுதானே, எனக்கா தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் தோலை வைத்துத்தான் அடைப்போம். கட்டில் கால் ஆடினால் ஒரு தோல் துண்டு. ஜன்னல் கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டால் ஒரு தோல் துண்டு. கட்டிங் கழிவு ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், எல்லார் வீட்டுப் பரணிலும் ஒரு பை இருக்கும். என் பையிலிருந்து பழுப்பு நிறத்தில் மெத்தென்று இருந்த துண்டுகளாகப் பொறுக்கி, சுருட்டி, சிங்க் குழாய் இறங்குகிற ஓட்டையிலும் சுவர் மூலையிலும் திணித்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. மூன்று நாளில் ஒரு துண்டும் இல்லை. அடைத்த இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். முன்பு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். தோல் மெத்தென்று இருக்க எண்ணெய் ஏற்றுகிறார்கள், அதில் மீன் எண்ணெயும் சேரும், நீ எலிக்குக் கதவு வைக்கவில்லை, கருவாடு வைத்திருக்கிறாய் என்றார். பதினாலு வருஷம் தோலை மோந்து பார்த்தவள் நான். அசடு வழிய டிபன் பாக்ஸை மூடினேன்.

அடுத்ததாக, உயிரோடு பிடிக்கிற கம்பி எலிக்கூண்டு வாங்கினேன். கண்ணி நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து, தேங்காய்ச் சில்லு வைத்தேன். விடிந்து பார்த்தால் உள்ளே ஒன்று. கட்டை விரல் அளவுதான். மூலையில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது, பெரியவள் கழுவுகிற அதே மாதிரி, காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து. ஒன்றுக்குச் சொட்டு மருந்து, இன்னொன்றுக்குக் கூண்டு என்று எந்தக் கணக்கில் பிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கம்பெனியில் தோலில் கோடு போட வெள்ளி நிற மை உள்ள பேனா வைத்திருப்போம், சில்வர் பென் என்போம். அதைக்கொண்டு கம்பி இடுக்கு வழியாக அதன் வால் தொடங்குகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஏன் என்று கேட்டால் பழக்கம். பார்த்து முடித்த பீஸில் குறி வைக்காமல் என் கை விடாது. பின்னால் இருக்கும் காலி மனையில் கொண்டு போய்த் திறந்துவிட்டேன். "கியூசி பாஸ் பண்ணி அனுப்பிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

நாலாம் நாள் கூண்டில் மறுபடி ஒன்று மாட்டியது. வாலில் வெள்ளிப் பொட்டு. எனக்குக் கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் மரியாதையும். ரிஜெக்ட் செய்த பீஸ் தானாக நடந்து மேஜைக்கு வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

தூரமாகக் கொண்டு போய் விட்டால்தான் வராது என்று முடிவு செய்தேன். என் பக்கத்து மேஜைக்காரி மாதனூர்ப் பக்கம். கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். டிபன் பாக்ஸில் காற்றுத் துளை போட்டுத் தருகிறேன், உன் ஊர் வயல் பக்கம் திறந்துவிடேன் என்று கேட்டேன். அவள் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா, உங்க வூட்டு எலிக்குத் திங்க எங்க நெலக்கடலதான் கெடச்சுதா? போன அறுப்பப்ப எங்க அப்பா எலிக்குப் பயந்து ராவெல்லாம் வரப்புலயே உக்காந்து கெடந்தாரு தெரியுமா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கும் கோபம். கடைசியில் எலியை நாலு தெரு தள்ளி, மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் கானாற்றுக் கரையில், முள்ளுச்செடிக்குள் விட்டேன். பொட்டு மங்கியிருந்ததால் மேலே இன்னொரு பொட்டும் வைத்திருந்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு ஓனரம்மா மாடி ஏறி வந்தார்.

கீழ் வீட்டில் அவர்கள் குடியிருக்கிறார்கள். நான் அவரை ஆபா என்று கூப்பிடுவேன், அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா என்று அர்த்தம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர்கள் குடும்பமே கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் சீரகசம்பா மூட்டைகளை அடுக்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். அந்த அறையின் சாவி எப்போதும் ஆபாவின் இடுப்பில் இருக்கும். அன்று அவர் கையில் ஒரு பிடி அரிசியும் அதில் கலந்த புழுக்கையும் இருந்தன. மூட்டையின் மூலை கடிபட்டிருக்கிறதாம்.

"உன் எலிங்க போட்ட குட்டிங்கதாம்மா இது. ரெண்டு வெச்சிருந்த, இப்ப வூடு பூரா ஆயிட்சி" என்றார்.

அவை வேறு சாதி, இவை வேறு, இரண்டும் சேராது என்று சொன்னேன். நான் வைத்திருப்பது இரண்டும் பெண் என்றும் சொன்னேன்.

"பொண்ணுன்னாதானேமா குட்டி போடும்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆள் வருகிறான், மேலே கீழே எல்லா இடத்திலும் மருந்து வைப்பான், அடுத்த ஞாயிறு பெரிய கல்யாண ஆர்டர், சோற்றில் ஒரு புழுக்கை விழுந்து பேஜார் ஆகிவிட்டால் குடும்ப மானமே போய்விடும் என்றார். அதற்குள் என் எலிகளை எங்கேயாவது கொடுத்துவிட வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். படி இறங்கும்போது திரும்பி, "உன் மேல எனக்குக் கோவம் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவர் மேல் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் கத்தினேன். அவர் இந்த முறை கேலி செய்யாமல், பெட் ஷாப்காரர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்கலாமா என்றார். வெள்ளை எலியை அங்கே யார் வாங்குவார்கள், எந்தப் பாம்புக்குப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கூண்டைத் திறந்தேன். பெரியவள் கை வழியாக ஏறித் தோளில் உட்கார்ந்து என் காதுக்குள் தும்மினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து நாளில் இவளை எங்கே கொண்டு போய் வைப்பேன்?

திங்கட்கிழமை வேலையில் மனசே இல்லை. ஒரு அம்பை உரித்து ஒட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாள் எலியின் பின்னால் ஓடியிருக்கிறேன், வீட்டைச் செக் செய்யவே இல்லை. குறை இருக்கிற பீஸை எத்தனை முறை வெளியே வீசினாலும், தைக்கிற இடத்தில் சரி செய்யாமல் போனால் அதே குறை அடுத்ததிலும் வரும். இதை நான் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்கிறேன். என் வீட்டுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு, பாதி தீர்ந்த ஸ்டிக்கர் தாள்கள் நாலைந்து வாங்கி வந்தேன்.

அன்று படுக்கும் முன் சுவரோரம் முழுக்கக் கோலமாவைச் சலித்து மெல்லிசாகத் தூவினேன். செவ்வாய் விடிந்ததும் பார்த்தால் குட்டிக் குட்டிக் கால் தடங்கள், நடுவில் வால் இழுத்த கோடு. எங்கிருந்து வந்தன, எங்கே நின்றன, எங்கே போயின என்று எல்லாம் தெரிந்தது. பென்சில் நுழைகிற ஓட்டை போதும், சுண்டெலி நுழைந்துவிடும் என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே சில்வர் பென்னைக் கையில் எடுத்துக்கொண்டு தடத்தின் பின்னாலேயே தவழ்ந்தேன். பேனா நுழைந்த ஒவ்வொரு இடத்திலும், தடம் நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிவப்பு அம்பு.

முதல் அம்பு என் எலிகளின் தீனிப் பைக்கு. பிளாஸ்டிக் பை, வாய் கூடக் கட்டாமல் வைத்திருந்தேன். இரண்டாவது கூண்டுக்குக் கீழே, சின்னவள் தினமும் வீசி எறிகிற தானியம் குவிகிற இடத்துக்கு. சிங்க் குழாய்க்கு ஒன்று, சிலிண்டர் குழாய் ஓட்டைக்கு ஒன்று, வாசற்கதவின் அடிக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் என் வீட்டில் மட்டும் பதினொன்று. என் லைனில் ஒருத்தி இப்படி ஒரு பீஸ் அனுப்பியிருந்தால் நான் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

தடம் அதோடு நிற்கவில்லை. குழாயோடு இறங்கி, படியோரம் போய், கடைசியில் ஆபாவின் அரிசி அறைக் கதவில் முடிந்தது. மரக்கதவின் கீழ் மூலை கொறிக்கப்பட்டிருந்தது. பேனா என்ன, இரண்டு விரலே நுழைந்தது. கீழே இறங்க இறங்க அம்பு ஒட்டிக்கொண்டே வந்தவள், கடைசி அம்பை அறைக்கு உள்ளே காட்டுகிற மாதிரி ஒட்டினேன். கதவைத் தட்டவில்லை. மேலே வந்து சட்னி அரைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நான் கம்பெனி விட்டு வந்தபோது ஆபா படியில் காத்திருந்தார். அவர் விரல் நுனியில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது.

"இன்னாமா இது, வூடு பூரா?"

"எங்க வூட்ல பதினொன்னு இருக்குது ஆபா. மொதல்ல அதப் பாருங்க" என்றேன்.

மேலே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நிதானமாகப் பார்த்தார். தீனிப் பைக்கு முன்னால் அதிக நேரம் நின்றார். என் குறைகளைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பதினொன்றும் முடிந்ததும் நான் எதுவும் சொல்லாமலேயே மீதி அம்புகளின் பின்னால் இறங்க ஆரம்பித்தார். நான் இரண்டு படி தள்ளிப் பின்னால் போனேன். அறைக் கதவுக்கு முன்னால் நின்று, கடைசி அம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

இருவருமாக மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். கடைசி மூட்டைக்குப் பின்னால், மூலையில், ஒரு தேங்காய் மூடி அளவுக்குக் கூடு. சாக்கிலிருந்து பிரித்த சணல் நார், அதற்கு நடுவில் நூல் நூலாகக் கிழித்து மெத்தை போட்ட பழுப்புத் தோல். உள்ளே ரோஜா நிறத்தில், கண் திறக்காமல், ஆறு குட்டிகள்.

ஆபா ஒரு தோல் இழையை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இது உங்க கம்பெனி தோலு தானே?"

என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆமாம் என்றேன். எலிக்குக் கதவு என்று நினைத்து நான் திணித்ததுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இனி என் எலிகளுக்கும் எனக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்று நினைத்தேன். ஆபா மூட்டையின் கடிபட்ட மூலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தோலு உன்னுதுன்னா, அரிசி எங்களுதுதானே" என்றார்.

அப்போது மூட்டைக்கு மேலிருந்து ஒரு சுண்டெலி எட்டிப் பார்த்தது. எங்கள் இருவரையும் பார்த்தது. ஓடியிருக்கலாம், ஓடவில்லை. சுவரோரமாகச் சரிந்து இறங்கிக் கூட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் வால் தொடங்குகிற இடத்தில் பாதி அழிந்த வெள்ளிப் பொட்டு இருந்தது.

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. இரக்கமாக நடந்துகொள்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு நான் இரண்டு முறை இவளைத் தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன். வயிற்றில் சுமையோடு, கட்டி வைத்த கூட்டுக்கு, நாலு தெரு தாண்டி இரண்டாம் முறையும் நடந்து வந்திருக்கிறாள். மாதனூர்க்காரி மட்டும் அன்று என்னைத் திட்டாமல் டிபன் பாக்ஸை வாங்கிப் போயிருந்தால் இவள் எங்கே ஈன்றிருப்பாள் என்று நினைத்தபோது, நின்ற இடத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதையும் ஆபாவிடம் சொன்னேன்.

"ரெண்டு தடவயும் வந்துட்சா?" என்றார்.

"ஆமா ஆபா."

அவர் படியில் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ உருதுவில் பேசினார். எனக்கு அந்த மொழி கொஞ்சம்தான் புரியும். ஆனால் வேண்டாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் "நக்கோ" எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று முறை சொன்னார். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த ஆள் வரப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்த நாள் லீவு போட்டேன். அரிசி முழுவதையும் பழைய பிரியாணி தேக்சா அண்டாக்களில் கொட்டிக் கனமான மூடி போட்டு மூடினோம். என் எலித் தீனி தகர டப்பாவுக்குப் போனது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை வாங்கி வந்து ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்து மேலே சிமெண்ட் பூசினேன். கம்பி நாரைச் சுண்டெலி கடிக்காது, அதில் மீன் எண்ணெயும் கிடையாது. கதவடிகளுக்கு வீட்டுக்காரர் தகரப் பட்டை அடித்தார். ஒரு ஓட்டை அடைபட்டால் அதற்குரிய அம்பை உரிப்பேன். மாலைக்குள் எல்லா அம்பும் போய் ஒன்றே ஒன்று மிச்சம். அரிசி அறையிலிருந்து வெளிப்பக்கச் சந்துக்குத் தண்ணீர் போகிற துளைக்கு அன்று காலை ஒட்டியது. அந்தத் துளையை மட்டும் வேண்டுமென்றே விட்டோம். தின்ன ஒரு மணி அரிசி இல்லை, மறைந்துகொள்ள மூட்டையும் இல்லை. இனி அவளாகவே இடம் மாற்றிக்கொள்வாள் என்று நம்பினோம்.

இருட்டுகிற நேரத்தில் நாங்கள் மூவரும் படியில் உட்கார்ந்து, கதவை ஒரு கை அளவு திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வெளியே வந்து மோந்தாள். உள்ளே போனாள். வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு துளை வழியாகச் சந்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். ஆபா உதட்டுக்குள் எண்ணினார். ஏக், தோ, தீன். மூன்றுக்குப் பிறகு ரொம்ப நேரம் வரவில்லை. ஆபா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு வந்தாள். ஆறாவது போனதும் ஆபா கையை விட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார்.

படுக்கும் முன் துளை வாயில் தூவியிருந்த கோலமாவைக் காலையில் பார்த்தேன். உள்ளே வருகிற தடம் ஒன்றுகூட இல்லை. கடைசி ஓட்டையையும் அடைத்து, சில்வர் பென்னால் குத்திப் பார்த்து, அந்த அம்பையும் உரித்தேன்.

அதன் பிறகும் கம்பிக்கூண்டை இரண்டு வாரம் வைத்திருந்தேன். உள்ளேயே தங்கிவிட்ட இன்னும் இரண்டு மாட்டின. இந்த முறை தூரம் தேடி அலையவில்லை, பின்னாலிருக்கிற காலி மனையிலேயே விட்டேன். உள்ளே வர வழி இல்லாத வீட்டுக்கு வெளியே அவை எவ்வளவு பக்கத்தில் இருந்தால் எனக்கென்ன? ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆர்டர் நல்லபடியாக முடிந்தது. எங்களுக்கும் ஒரு பாத்திரம் மேலே வந்தது. பெரியவளின் தும்மல் மெல்ல மெல்ல நின்றது. மாதனூர்க்காரியிடம் நடந்ததைச் சொல்லி, அன்று நீ திட்டியது நல்லதாகப் போயிற்று என்றேன். "அது எப்பவுமே நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு பை வேர்க்கடலை கொண்டு வந்தாள். உன் எலிங்களுக்கு, வயல் எலிக்கு இல்ல என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, காவேரிப்பாக்கத்தில் வீட்டுக்காரரின் அக்கா வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் போக வேண்டியிருந்தது. எலிகளை யாரிடம் விடுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஆபா, "சாவிய குடுத்துட்டு போ. நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தொட மாட்டேன், அதை மட்டும் சொல்லாதே என்றார்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதலில் கூண்டிடம்தான் ஓடினேன். இரண்டும் கிழித்துப் போட்ட துணியில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் நிறைந்திருந்தது. கூண்டின் அடித் தட்டு மூலையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அன்று படியில் அவர் விரல் நுனியில் இருந்த அம்பாகத்தான் இருக்க வேண்டும், ஓரம் சுருண்டு பசை காய்ந்து போயிருந்ததால் மேலே ஒரு டேப்பும் போட்டிருந்தார். குனிந்து பார்த்தேன். தட்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கொக்கியைச் சின்னவள் கொறித்துக் கொறித்துப் பாதியாக்கியிருந்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இரண்டும் வெளியே வந்திருக்கும். தினமும் அந்தக் கூண்டைத் துடைக்கிற என் கண்ணில் அது படவில்லை. தற்காலிகமாகச் சணல் கயிறு போட்டு இறுக்கியிருந்தது, அரிசி மூட்டை கட்டுகிற முடிச்சு.

நன்றி சொல்லக் கீழே போனேன். ஆபா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பயணம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். நானும் அம்பைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளே புதுக் கொக்கி வாங்கி மாட்டினேன். குறை தீர்ந்ததும் அம்பை உரிப்பதுதான் எங்கள் வேலையின் முறை. பதினாலு வருஷத்தில் மற்றவர்களுக்கு நான் எத்தனையோ ஒட்டியிருக்கிறேன், எனக்கு ஒருவர் ஒட்டியது அதுதான் முதல் முறை. அதை மட்டும் நான் இன்னும் உரிக்கவில்லை.